சுற்றவில்லையா, சுற்ற முடியவில்லையா?

இரவு பதினொன்றரை மணி. வாக்குவம் கிளீனரின் பையைக் கிழித்து, உள்ளே இருந்ததைச் செய்தித்தாளில் கொட்டி, விரலால் அளைந்துகொண்டிருந்தேன். தேடியது ஒரு ஸ்பிரிங். நீளம் நான்கு மில்லிமீட்டர், கம்பியின் தடிமன் தலைமுடியைவிடக் கொஞ்சம் அதிகம். என் மூக்குத்தியின் திருகாணி எத்தனையோ முறை குளியலறையில் விழுந்து தொலைந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் கிடைத்தும் இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் தேடினேன். அதற்கு முன்பே காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுவதும் இழுத்தாயிற்று. இரண்டு குண்டூசி, ஒரு ஸ்டேப்ளர் பின், எதிலிருந்து கழன்றது என்று தெரியாத ஒரு ஆணி கிடைத்தன. அந்த ஸ்பிரிங் பாஸ்பர் வெண்கலம், காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஸ்பிரிங் எந்த எஞ்சினுடையதோ, அந்தப் பொம்மை ரயில் எஞ்சின் சாப்பாட்டு மேசையில் ஆறேழு துண்டுகளாகக் கிடந்தது. முழு நீளம் 115 மில்லிமீட்டர். ஒரு முருங்கைக்காய்த் துண்டைவிடச் சற்றுப் பெரிது.

நான் இருப்பது ஃபுர்த். நியூரம்பர்க்கை ஒட்டிய ஊர். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் ஓடியது. நான் தினமும் வேலைக்குப் போகும் யு1 மெட்ரோ ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது. அன்று இழுத்த எஞ்சினுக்கு ஆட்லர், அதாவது கழுகு, என்று பெயர். இங்கிலாந்தில் நியூகாசிலில் ஸ்டீபன்சனின் பட்டறையில் செய்து, 19 பெட்டிகளில் பாகங்களாக அனுப்பினார்கள். இங்கே கொண்டுவந்துதான் பூட்டினார்கள். ஓட்டுவதற்கு வில்லியம் வில்சன் என்ற ஆளும் கூடவே வந்தார். எனக்கு அப்படி யாரும் பெட்டியோடு வரவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பொம்மை ரயில் விளையாட்டுச் சாமான் இல்லை, பரம்பரைத் தொழில். ஃபிளைஷ்மன், ட்ரிக்ஸ், ஆர்னால்ட் மூன்றும் நியூரம்பர்க்கில் பிறந்த நிறுவனங்கள். 1960-இல் ஆர்னால்ட் கொண்டுவந்த ராப்பிடோ ரயில்தான் இன்று ‘என்’ என்று சொல்கிற அளவுக்கு மூலம். தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். ஜெர்மனில் ஒன்பதுக்கு ‘நொயின்’, அதன் முதல் எழுத்துதான் ‘என்’. அசல் ரயிலில் 160-இல் ஒரு பங்கு. அசல் தண்டவாளத்தின் 1,435 மில்லிமீட்டரை 160-ஆல் வகுத்தால் 8.97 வரும். எனக்கு இந்தக் கணக்கு சரியாக வந்ததில் ஏற்பட்ட மகிழ்ச்சியே இந்தப் பைத்தியத்தின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று என்று நியூரம்பர்க் பழைய நகரத்துத் தெருக்களில் ட்ரெம்பல்மார்க்ட் என்ற பழைய சாமான் சந்தை நடக்கும். வீட்டுப் பரணில் இருப்பதையெல்லாம் கொண்டுவந்து தெருவில் பரப்பிவிடுவார்கள். அங்கேதான் வாங்கினேன். மகனுக்காக வாங்கினேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். பொய். எனக்காகத்தான் வாங்கினேன். சிவப்பு உடல், வட்டமான மூக்கு, முகத்தில் மூன்று விளக்குகள்: வி 200 என்ற பழைய ஜெர்மன் டீசல் எஞ்சின். விற்றவர் ஒரு முதியவர். 15 யூரோ கேட்டுவிட்டு, “ஃப்யூர் பாஸ்ட்லர்” என்றார். எதையாவது நோண்டிக்கொண்டிருப்பவர்களுக்கு என்று பொருள். ஓடாது, திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் சண்டை போடாதே என்பதை இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் கண்டேன். எந்த நிறுவனம் செய்தது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. நடந்தது எதுவும் அவர்கள் குற்றமில்லை.

வீட்டுக்கு வந்து தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். உறுமியது. நகரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருந்தால் கதையே இருந்திருக்காது. நான் யோசிக்கவில்லை. உறுமுகிறது, நகரவில்லை, ஆகவே மோட்டார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். முதலில் சமையலறைக் கதவின் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எண்ணெயை உள்ளே பீய்ச்சினேன். உறுமல் நின்றது, அவ்வளவுதான். பிறகு மேல் கூட்டைக் கழற்றினேன். கழற்றினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வெண்ணெய் தடவும் கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினேன். கூட்டை உள்ளிருந்து பிடித்திருந்த நான்கு பிளாஸ்டிக் கொக்கிகளில் ஒன்று உடைந்தது. எண்ணெய் பட்ட கூட்டை ஆல்கஹாலில் துடைத்தேன். எண்ணெய் போனது. பக்கவாட்டில் வெள்ளையில் அச்சிட்டிருந்த எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கமும் போனது. இன்றுவரை அது எத்தனையாவது வி 200 என்று யாருக்கும் தெரியாது.

அதோடு விட்டேனா? மோட்டாரைத் திறந்தேன். உள்ளே ஒரு செப்பு உருளை, பழுப்பாக, அழுக்காகத் தெரிந்தது. எமரித்தாளை எடுத்து, வெங்கலப் பாத்திரம் விளக்குகிற மாதிரி பளபளவென்று தேய்த்தேன். அப்போதுதான் அந்த ஸ்பிரிங் பறந்தது. ‘டிங்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வாக்குவம் கிளீனர் கதை அதற்குப் பிறகு. கிடைக்காததால் பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைத் துண்டாக்கி மாட்டினேன். மின்சாரம் கொடுத்தேன். எஞ்சின் முதன்முறையாக ஓடியது. ஒன்றரைச் சுற்று. பிறகு மூக்கில் ஒரு வாடை வந்தது. வயர் எரியும் வாடை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஏன் தெரியும் என்றால், அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். திருச்சிக்காரர்களுக்குப் பொன்மலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: 1928 முதல் நடக்கும் பட்டறை. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே செய்து கொடுத்த இடம். அப்பா டீசல் எஞ்சின்களின் டிராக்‌ஷன் மோட்டார் பிரிவில், அதாவது சக்கரத்தைச் சுற்றும் மின்மோட்டார்களின் பிரிவில், இருந்தார். டபிள்யூ.டி.எம்.2 என்கிற 2,600 குதிரைத்திறன் எஞ்சினுக்கு ஆறு அச்சு, அச்சுக்கு ஒரு மோட்டார். அந்த மோட்டார்களைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சரை உருவி, கிரேனில் தொங்கவிட்டுச் சுத்தம் செய்வதுதான் அவருடைய ஆயுள்காலத் தொழில். வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் ஒரு வாடை இருக்கும். வார்னிஷும் கரியும் சேர்ந்த வாடை. என் சாப்பாட்டு மேசையில் எழுந்தது அதே வாடைதான், 160-இல் ஒரு பங்கு.

அப்பாவுக்கு இப்போது 76. பட்டறைச் சத்தத்தில் வலது காது போய்விட்டது. வீடியோவில் அழைத்தாலும் போனை இடது காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். அதனால் எங்கள் உரையாடல்களில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது, காதை மட்டும் பார்த்துக்கொண்டு பேச வேண்டும். அந்தக் காதிடம் நடந்ததைச் சொன்னேன். பொம்மை ரயிலா என்று சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“சுற்றவில்லையா, சுற்ற முடியவில்லையா?” என்று கேட்டார்.

புரியவில்லை என்றேன்.

“பாப்பா, மின்சாரம் போய்ச் சேராமல் மோட்டார் சும்மா இருந்தால் அது சுற்றவில்லை. மின்சாரம் போய்ச் சேர்ந்து, எதிரே ஏதோ பிடித்துக்கொண்டிருந்தால் அது சுற்ற முடியவில்லை. உறுமியது என்றாயே. செத்த மோட்டார் உறுமுமா?”

உறுமாது. என் மோட்டார் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கீழே சக்கரப் பக்கம் ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. நான் நோயாளியின் கால் முள்ளுக்கு நெஞ்சைக் கிழித்திருக்கிறேன்.

பிறகு கம்யூட்டேட்டரைப் பற்றிக் கேட்டார். அந்தப் பழுப்பு நிறச் செப்பு உருளைக்கு அதுதான் பெயர். அதன் மேல்தான் இரண்டு கரித்துண்டுகள் உரசி மின்சாரத்தைச் சுருளுக்குள் அனுப்புகின்றன. பளபளவென்று தேய்த்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. காது மட்டும் தெரிந்தது.

“எதில் தேய்த்தாய்?”

“எமரித்தாளில்.”

“எமரியா!”

அம்மா உள்ளே இருந்து என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்கு அந்தக் குரல் இருந்தது. நல்ல கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில்தான் இருக்க வேண்டுமாம். கரியும் செப்பும் ஓடி ஓடிப் படிந்த மெல்லிய தோல் அது, கரித்துண்டு வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு அதுதான் மெத்தை. அழுக்கு வேறு, அந்தத் தோல் வேறு. தேய்த்தே ஆக வேண்டும் என்றால் மிக மெல்லிய உப்புத்தாள். எமரியைப் பட்டறையில் ஆர்மேச்சருக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்களாம். அதன் துகள் செப்பில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் அடைந்து மின்சாரத்துக்குக் கள்ளப்பாதை போட்டுக் கொடுக்கும். “புதிதாக வந்த அப்ரண்டிஸ் பையன்கள் செய்வார்கள்” என்றார். எனக்கு வயது 43.

அடுத்த நாள் மல்டிமீட்டரை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி அவரே அழைத்தார். என் மோட்டாரின் கம்யூட்டேட்டர் ஐந்து துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே அளந்து சொல்லச் சொன்னார். நான்கு இடங்களில் 15 ஓம் காட்டியது. ஐந்தாவது இடத்தில் 60.

“ஐந்து சுருள், வட்டமாகக் கைகோத்து நிற்கிறது. ஒன்று அறுந்துவிட்டது. அறுந்த இடத்தில் அளந்தால் மீட்டர் மற்ற நான்கையும் சுற்றிக்கொண்டு வரும். நாலு பதினைஞ்சு அறுபது. முடிந்தது கதை” என்றார்.

ஏறக்குறைய ஐந்தாயிரம் மைலுக்கு அப்பால் ஈசிசேரில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காத மோட்டாரில் எத்தனை சுருள் அறுந்திருக்கிறது என்று வாய்ப்பாட்டில் சொல்லிவிட்டார். நான் அந்த மோட்டாரைத் தூக்கிப் போடவில்லை. பதவிக்காலம் முடிந்த தலைவர் படம் மாதிரி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

வசந்தகாலச் சந்தையில் இன்னொரு வி 200 கிடைத்தது. கூடு பிளந்து, ஒரு பக்க விளக்கு இல்லாமல், 12 யூரோவுக்கு. இதுவும் உறுமியது, நகரவில்லை. இந்த முறை கத்தியை எடுக்கவில்லை.

கூட்டைக் கழற்ற நான்கு பல்குத்தும் குச்சிகள் போதும். கூட்டின் பக்கச்சுவரைக் கொக்கி இருக்கும் இடத்தில் லேசாக விலக்கி, ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு குச்சியைச் செருகி வைத்துவிட்டால், கூடு தானாகவே மேலே வந்துவிடுகிறது. வராவிட்டால் எங்கோ ஒரு திருகாணி மறைந்திருக்கிறது என்று பொருள். இழுக்கக்கூடாது. உள்ளே வார்ப்பு உலோகச் சட்டம், நடுவில் மோட்டார், அதன் இரு முனைகளிலிருந்தும் முன்னும் பின்னும் போகும் மெல்லிய தண்டுகள், தண்டின் முனையில் திருகுமுறுக்கான ஒரு பல், அது கீழே போகியில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தில், இருக்கும் பல் சக்கரங்களைச் சுற்றும். சக்கரத்தின் முதுகில் உரசிக்கொண்டிருக்கும் செப்புத் தகடுகள் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தை மேலே அனுப்பும். அவ்வளவுதான் எஞ்சின். மின்சாரம் சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு ஏறுகிறது, சுழற்சி மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு இறங்குகிறது. ஏறுகிற வழியில் அடைப்பா, இறங்குகிற வழியில் அடைப்பா? அப்பாவின் கேள்வி இதுதான்.

9 வோல்ட் பேட்டரியின் இரண்டு வயரை நேராக மோட்டாரின் முனைகளில் தொட்டேன். உறுமல். இரண்டு தண்டுகளையும் சாமணத்தால் உருவிவிட்டு மறுபடியும் தொட்டேன். மோட்டார் வண்டு மாதிரி ரீங்காரமிட்டுச் சுற்றியது. அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன். உடனே போனை எடுத்து அந்தக் காதுக்குக் கேட்க வைத்தேன். “முடியவில்லை வகை” என்றார்.

முன் போகியின் அடிமூடியைக் கழற்றினேன். பல் சக்கரங்களுக்கு நடுவில் தேன் நிறத்தில் ஏதோ இருந்தது. வேப்பமரத்தில் வழிந்து காய்ந்த பிசின் மாதிரி. குச்சியால் குத்தினால் சில்லாகப் பெயர்ந்தது. ஒரு காலத்தில் அது எண்ணெய். பெட்டிக்குள் பல பத்தாண்டுகள் தூங்கியதில் இறுகிப் பசையாகி, பசை கல்லாகிவிட்டது. அந்த முதல் எஞ்சினிலும் இதுதான் இருந்திருக்கும். பின்னால் திறந்து பார்த்தேன், இருந்தது.

பல் சக்கரங்களை ஊறுகாய் பாட்டிலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றி ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், ஒவ்வொரு பல்லிடுக்கையும் ஊசியால் சீவினேன். ஒரு சக்கரத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. பஞ்சு சுற்றிய காதுக்குச்சியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் நார் அச்சில் சுற்றிக்கொண்டு, நீங்கள் தீர்க்க வந்த நோயையே வேறு பெயரில் கொடுத்துவிட்டுப் போகும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கடியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, நாற்பது பற்களின் இடுக்கைச் சீவுவதில் ஒரு சுகம் இருக்கிறது. கீரை ஆய்வதில் இருக்கும் சுகம். சிலருக்கு அது புரியாது, விட்டுவிடலாம்.

பூட்டும்போது ஒரு கூத்து நடந்தது. எல்லாம் சரியாகப் பூட்டி, தண்டவாளத்தில் வைத்தேன். டிரான்ஸ்பார்மரின் விளக்கு பட்டென்று அணைந்தது. எடுத்தால் எரிகிறது, வைத்தால் அணைகிறது. ஷார்ட் சர்க்யூட். இரண்டு மணி நேரம் மோட்டார் வயர்களைத் துழாவினேன். காரணம் சக்கரத்தில் இருந்தது. ஒவ்வொரு அச்சிலும் ஒரு சக்கரம் அச்சுக்கு மின்சாரம் கடத்தும், எதிர்ப்பக்கச் சக்கரம் அச்சிலிருந்து பிளாஸ்டிக் வளையத்தால் பிரிக்கப்பட்டிருக்கும். எல்லா அச்சுகளிலும் பிளாஸ்டிக் வளையம் ஒரே பக்கம் வர வேண்டும். நான் ஒன்றைத் திருப்பிப் போட்டிருந்தேன். இரண்டு தண்டவாளங்களையும் நானே கம்பி போட்டு இணைத்த மாதிரி ஆகிவிட்டது. கழற்றும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. இப்போது எடுக்கிறேன். என் போனில் மகனின் படங்களைவிட அச்சுகளின் படங்கள் அதிகம்.

எண்ணெய் எவ்வளவு விட வேண்டும் என்பதில் எல்லோரும் முதலில் தோற்பார்கள் என்று நினைக்கிறேன். கை தாராளமாகப் போகிறது. தையல் மிஷின் எண்ணெயில் ஊசி முனையைத் தோய்த்து, ஊசியில் தங்குகிற அளவை மட்டும் அச்சில் தொட்டு வைக்க வேண்டும். சொட்டு என்பதே அதிகம். மிஞ்சியது வழிந்து கம்யூட்டேட்டருக்குப் போய், கரித்தூளோடு குழைந்து மை ஆகிவிடும். திருஷ்டிப் பொட்டு வைக்கலாம், எஞ்சின் ஓடாது.

மோட்டாரையும் திறந்தேன், பார்ப்பதற்காக மட்டும். இந்த முறை எஞ்சினையும் என் இரண்டு கைகளையும் ஒரு பெரிய கண்ணாடிப் பாலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டு திறந்தேன். ஸ்பிரிங் பறந்தது. பைக்குள்ளேயே விழுந்தது. வெற்றி என்றால் இதுதான். கரித்துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அரிசிக் குருணை அளவு. அப்பாவின் பட்டறையிலிருந்து தேய்ந்த கரித்துண்டுகளைச் சின்ன வயதில் எனக்குக் கொண்டுவந்து தருவார். தீப்பெட்டி அளவு கனமாக இருக்கும், அதை வைத்துத்தான் திண்ணையில் பாண்டி விளையாடக் கட்டம் போடுவோம். அதே பொருள், அதே வேலை. கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில் இருந்தது. தொடவில்லை. பள்ளங்களில் இருந்த கரித்தூளை மட்டும் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு மூடினேன்.

இரண்டாவது எஞ்சினின் அடிப்பாகம், முதல் எஞ்சினின் எண் அழிந்த கூடு. இரண்டும் சேர்ந்து ஓடியது. மெதுவாகவே ஓட்டுகிறேன். அசல் வி 200-இன் உச்ச வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். இந்த அளவில் அது நொடிக்கு 24 சென்டிமீட்டர்தான். பெரும்பாலானவர்கள் பொம்மை ரயிலை விமான வேகத்தில் ஓட்டுகிறார்கள், பிறகு வளைவில் கவிழ்ந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

விடுமுறைக்குத் திருச்சி போனபோது அதையும் ஒரு வட்டத் தண்டவாளத்தையும் கொண்டு போனேன். அப்பா முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை, தண்டவாளத்தைப் பார்த்தார். “என்ன, மீட்டர் கேஜா?” என்றார். இல்லை, ஐரோப்பாவின் அகலம் நம்முடைய அகலப்பாதையைவிடக் குறைவு, நம்முடைய 1,676-ஐ 160-ஆல் வகுத்தால் பத்தரை வரும் என்றேன். திருப்தி ஏற்படவில்லை. பிறகு அசல் வி 200-இல் எந்த மோட்டார் என்று கேட்டார். அதில் டிராக்‌ஷன் மோட்டாரே கிடையாது, இரண்டு டீசல் எஞ்சின்கள், எண்ணெயின் ஓட்டத்தில் வேலை செய்யும் பரிமாற்றம், அங்கிருந்து தண்டுகள் வழியாகச் சக்கரத்துக்கு என்று சொன்னேன். சிரித்தார். “அசலில் மோட்டார் இல்லை, பொம்மையில் இருக்கிறது. நம் ஊர் எஞ்சினைச் செய்திருந்தால் பொய் சொல்லாமல் செய்திருக்கலாம்.”

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்று எண்ணிவிட வேண்டாம். மூன்றாவதாக வாங்கிய ஒரு நீராவி எஞ்சினின் கூட்டை எத்தனை குச்சி செருகியும் கழற்ற முடியவில்லை. மறைந்த திருகாணியும் இல்லை. ஒரு வழியாக எடுத்தபோது உள்ளே வார்ப்புச் சட்டம் ஊதி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. விரலால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இங்கே இதற்கு ‘ட்சிங்க்பெஸ்ட்’ என்று பெயர், துத்தநாகத்துக்கு வந்த கொள்ளைநோய். வார்க்கும்போது துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும். வெளியே ஒன்றும் தெரியாது. ஈரக்காற்றில் வருடக்கணக்கில் உள்ளே மணிமணியாக விரிசல் விட்டுக்கொண்டே போகும். மருந்து கிடையாது. போட்டோவைப் பார்த்துவிட்டு அப்பா, “எலும்புருக்கி” என்றார். சக்கரங்களையும் மோட்டாரையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளச் சக்கரத்தில் மாட்டும் ரப்பர் வளையத்துக்குச் சைக்கிள் வால்வ் டியூபை வெட்டிப் போட்டுப் பார்த்தது பற்றிச் சொல்லலாம். எஞ்சின் நொண்டியது, அதோடு சரி. கடையில் வாங்கிவிடுங்கள்.

சென்ற மாதம் அப்பா கேட்டார்: “கரித்துண்டு எவ்வளவு தேய்ந்தால் மாற்றுகிறாய்?”

ஓடாமல் போனால் மாற்றுகிறேன் என்றேன்.

“அது மாற்றுவது இல்லை. அளவு வேண்டும். புதிதில் என்ன நீளம், எவ்வளவுக்குக் கீழே போனால் கண்டெம்ன், இனி ஆகாது, என்று இருக்க வேண்டும். பதிவேடு எங்கே?”

பதிவேடு இல்லை என்றேன். ரயில்வேயில் 35 வருடம் இருந்த மனிதரிடம் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அன்றே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். நீளம் அளக்க டிஜிட்டல் வெர்னியரும் வாங்கினேன். புதிய கரித்துண்டு ஒன்றை வாங்கி அளந்து, பாதிக்குக் கீழே போனால் மாற்றுவது என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நேற்று இரவு வி 200-ஐத் திறந்து எல்லாம் அளந்து, மூடிவிட்டுப் பார்த்தால், கிண்ணத்தில் இருக்க வேண்டிய திருகாணிகளில் ஒன்றைக் காணவில்லை. பைக்குள்ளேதான் திறந்தேன். பைக்குள் இல்லை. மூன்று திருகாணிகளே போதும், எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது, இதைப் போய் எழுத வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“எழுது. எழுதாவிட்டால் அடுத்து திறக்கிறவன் தேடிக்கொண்டே இருப்பான்.”

“அடுத்து திறக்கப்போவதும் நான்தானே, அப்பா.”

“அதனால்தான் சொல்கிறேன்.”

எழுதினேன். முதல் பக்கம், முதல் வரி: வி 200, எண் தெரியாது. கரி இடது 2.4, வலது 2.2. பல் சக்கரம் சரி. எண்ணெய் ஊசி முனை. திருகாணி ஒன்று குறைவு.